நிஃப்டி உச்சத்தில், என் பங்குகள் பள்ளத்தில்: ஏற்றத்தின் பலத்தை எப்படி அளப்பது?

கேள்வி:

கரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து 2025 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஓய்வின்போது வந்த பணத்தில் 8 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. இது தவிர டீமேட் கணக்கில் 14 பங்குகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள், 2023, 2024இல் வாங்கியவை. 2025 நவம்பர் 27 அன்று நிஃப்டி 26,310ஐத் தொட்டுப் புதிய உச்சம் கண்டது என்று டிவியில் சொன்னார்கள். அன்று என் கணக்கைத் திறந்து பார்த்தால் 9 பங்குகள் வாங்கிய விலைக்குக் கீழே நிற்கின்றன. உடன் பணியாற்றிய நண்பர், "சந்தை ஓடுது, இந்தச் சின்னப் பங்குகளை வித்துட்டு நிஃப்டியைத் தூக்குற பெரிய பங்குகளை வாங்குங்க, அந்த 8 லட்சத்தையும் சேர்த்துப் போடுங்க" என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் மாப்பிள்ளையோ, "மாமா, மார்க்கெட் பிரெட்த் சரியில்லை, எல்லாத்தையும் வித்துட்டு வெளியே வந்துடுங்க" என்கிறார். பிரெட்த் என்றால் என்ன? யார் சொல்வதைக் கேட்பது? பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு இரண்டு ஆண்டுகளில் 4 லட்சம் தேவைப்படும்.

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த 4 லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வங்கியின் ஃபிக்ஸட் டெபாசிட்டோ அஞ்சலகத்தின் டைம் டெபாசிட்டோ, பேத்தி கல்லூரியில் சேரும் மாதத்துக்குள் முதிர்வடைவதாக இருக்கட்டும். இரண்டு ஆண்டில் கட்டாயம் வேண்டிய பணத்துக்குப் பங்குச் சந்தையில் இடமில்லை. சந்தை எவ்வளவு பலமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இனி நாம் பேசப்போவது மீதி 4 லட்சத்தையும் அந்த 14 பங்குகளையும் பற்றித்தான்.

பிரெட்த் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் தேர்வு முடிவுகளைக் கையாண்டவருக்கு இதை விளக்குவது எளிது. முடிவு வெளியாகும் நாளில் இரண்டு எண்கள் வரும். ஒன்று, பள்ளி முதல் மாணவர் வாங்கிய மதிப்பெண். இன்னொன்று, தேர்ச்சி விகிதம். பேனரில் போடுவது முதல் எண்ணை. மாவட்டக் கல்வி அலுவலர் கூப்பிட்டு விசாரிப்பது இரண்டாவது எண்ணை. ஒரு பிள்ளை 495 வாங்கியதால் பள்ளி நன்றாக நடக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டீர்கள். நிஃப்டியின் புதிய உச்சம் பேனரில் போடும் எண். எத்தனை பங்குகள் அந்த ஏற்றத்தில் பங்கேற்றன என்பதுதான் தேர்ச்சி விகிதம். அதைத்தான் மார்க்கெட் பிரெட்த் என்கிறார்கள். தமிழில் சந்தையின் அகலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியில் 50 பெரிய நிறுவனங்கள் இருந்தாலும் அவற்றுக்குச் சம உரிமை கிடையாது. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை வைத்து ஒவ்வொன்றுக்கும் எடை கொடுக்கிறார்கள். எச்.டி.எஃப்.சி. வங்கி, ரிலையன்ஸ், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஆகிய மூன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 30 சதவீத எடை. முதல் 10 நிறுவனங்களைக் கூட்டினால் பாதிக்கு மேல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஃப்டி 26,000இல் இருக்கிறது, 30 சதவீத எடையுள்ள மூன்று பங்குகள் ஒரே நாளில் 4 சதவீதம் ஏறுகின்றன, மீதி 47 பங்குகளும் 1 சதவீதம் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து நிஃப்டியை 1.2 சதவீதம் உயர்த்தும். 47ம் சேர்ந்து 0.7 சதவீதம் இறக்கும். முடிவில் அரை சதவீத ஏற்றம், அதாவது 130 புள்ளி. ஐம்பதில் நாற்பத்தேழு இறங்கிய நாளில் மாலைச் செய்தி "நிஃப்டி 130 புள்ளி உயர்வு" என்றுதான் வரும். செய்தியில் பொய் இல்லை. உங்கள் டீமேட் கணக்கிலும் பொய் இல்லை.

இந்த அகலத்தை அளக்கும் முறைகளில் பழையது அட்வான்ஸ்-டிக்லைன் கோடு. 1920களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் டிரஸ்ட் நிறுவனத்தில் இருந்த லெனர்ட் ஏயர்ஸ் என்பவர் தினமும் எத்தனை பங்குகள் ஏறின, எத்தனை இறங்கின என்று எண்ணத் தொடங்கியதில் இருந்து வருவது. செய்வது மிகச் சுலபம். இன்று 1,500 பங்குகள் ஏறி, 900 இறங்கினால் கூட்டல் 600. நாளை 1,000 ஏறி, 1,400 இறங்கினால் கழித்தல் 400. இப்போது உங்கள் நோட்டில் மிச்சம் 200. இப்படியே தினமும் கூட்டிக் கழித்துக்கொண்டு போனால் ஒரு கோடு கிடைக்கும். 200 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. நிஃப்டி உயரும்போது இந்தக் கோடும் உயர்கிறதா, அல்லது நிஃப்டி மட்டும் மேலே போய் கோடு கீழே சாய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாய்ந்தால் அதை டைவர்ஜென்ஸ் என்பார்கள். உங்கள் மாப்பிள்ளை சொல்வது அநேகமாக இதைத்தான்.

நம் சந்தையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமை அதை எனக்கு நினைவூட்டுகிறது.

2017ஆம் ஆண்டு நிஃப்டி 28 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நடுத்தர நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி மிட்கேப் 100 சுமார் 47 சதவீதம், சிறிய நிறுவனங்களின் குறியீடான ஸ்மால்கேப் 100 சுமார் 57 சதவீதம். எதை வாங்கினாலும் ஏறிய காலம் அது. பிரெட்த் அதைவிட அகலமாக இருக்க முடியாது. 2018 ஜனவரி முதல் பாதியில் மும்பைச் சந்தையின் மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள் உச்சம் தொட்டுத் திரும்பின. நிஃப்டியோ ஜனவரி 29 வரை ஏறி 11,171ஐத் தொட்டது. அந்த இரண்டு வார இடைவெளியைக் கவனித்தவர்கள் குறைவு. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி திரும்ப வந்ததும் எல்லாமே விழுந்தன. அதன்பின் நிஃப்டி மட்டும் தேறி எழுந்து, ஆகஸ்ட் 28இல் 11,760 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. மிட்கேப்பும் ஸ்மால்கேப்பும் அன்று ஜனவரி உச்சத்துக்குக் கீழேயேதான் இருந்தன.

அந்த ஆகஸ்ட் மாதம் மதுரையில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் இருந்ததெல்லாம் ஸ்மால்கேப் பங்குகள். "சந்தை உச்சத்தில இருக்கே, என்னுது மட்டும் ஏன் சார் ஏறல?" என்று கேட்டார். "நிஃப்டி வழி காட்டுகிறது, சின்னப் பங்குகள் பின்னாலேயே வரும், பொறுங்கள்" என்று சொன்னேன். அவருடைய பங்குகள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை, அந்தக் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்காமல் நிஃப்டியைப் பார்த்துச் சொன்ன பதில் அது. அடுத்த மாதமே ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் போனது. அக்டோபர் கடைசியில் நிஃப்டி 10,004 வரை இறங்கியது. சிறிய பங்குகள் அதைவிட மோசமாக அடிவாங்கின. அவர் நம்பிக் கேட்டதற்கு நான் சரியான வேலை செய்யவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு. அதற்குப் பிறகுதான் பிரெட்த் கணக்கை ஒழுங்காக எழுத ஆரம்பித்தேன்.

ஆனால் இந்தக் கதையின் இரண்டாவது பாதியை உங்கள் மாப்பிள்ளையும் கேட்க வேண்டும். 2018 ஆகஸ்டில் பிரெட்த் சரியில்லை என்று நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டை (நிஃப்டியின் 50 பங்குகளையும் அதே எடையில் வாங்கி வைக்கும் ஃபண்டை) விற்றவர் 15 சதவீத வீழ்ச்சியில் இருந்து தப்பித்தார், சரி. ஆனால் 2019 ஜூனில் நிஃப்டி 12,100ஐத் தாண்டியது. 2020 ஜனவரியில் 12,430. அவ்வளவு காலமும் பிரெட்த் மோசமாகவே இருந்தது. 2019இல் மட்டும் நிஃப்டி 12 சதவீதம் ஏற, ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அது 2018 உச்சத்தில் இருந்து 40 சதவீதத்துக்கும் மேல் கீழே கிடந்தது. ஒல்லியான ஏற்றம் இரண்டு வருடம் நீடித்தது, ஐயா.

என் அனுபவத்தில் பிரெட்த் நன்றாகப் பதில் சொல்லும் கேள்வி "நிஃப்டி விழுமா?" என்பது அல்ல. "நிஃப்டிக்கு வெளியே இருக்கும் என் பங்குகளுக்கு இந்த ஏற்றத்தில் பங்கு உண்டா?" என்ற கேள்விக்குத்தான் அது தெளிவாகப் பதில் சொல்கிறது. டிவியில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். நியூயார்க் சந்தையின் அட்வான்ஸ்-டிக்லைன் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் குறியீடு உச்சம் தொட்டது 2000 மார்ச்சில். எச்சரிக்கைக்கும் விளைவுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. அடுத்த முறை, 2007இல், கோடு ஜூன் மாதம் திரும்பியது, குறியீடு அக்டோபரில். நான்கே மாதம். 2023இல் ஏழு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள்தான் சந்தையைத் தூக்குகின்றன என்று பாதி ஆண்டு பயமுறுத்தினார்கள். கடைசி இரண்டு மாதங்களில் சிறிய பங்குகளும் ஓடி வந்து சேர்ந்துகொண்டன. எஸ்&பி 24 சதவீத ஏற்றத்தோடு ஆண்டை முடித்தது. ஒல்லியான ஏற்றம் எப்போதும் பெரிய பங்குகள் விழுந்துதான் சரியாகும் என்பதில்லை. சிறியவை எழுந்தும் சரியாகும். எது நடக்கும், எப்போது நடக்கும் என்று இந்தக் கோட்டில் எழுதியிருக்காது. அதனால்தான் "எல்லாத்தையும் வித்துடுங்க" என்பதை நான் ஏற்கவில்லை.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2024 செப்டம்பர் 27இல் நிஃப்டி 26,277ஐத் தொட்டது. அதைத் தாண்ட 14 மாதம் பிடித்தது. நவம்பர் 27 அன்று தாண்டியபோது ஸ்மால்கேப் 100 தன் 2024 உச்சத்துக்கு வெகு கீழே இருந்தது. நடுத்தர நிறுவனங்கள் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. ஆகவே 2018 ஆகஸ்ட் அளவுக்கு ஒல்லி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களின் வகுப்பில் தேர்ச்சி விகிதம் குறைவுதான். உங்கள் 14இல் 9 கீழே இருப்பதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்தது மட்டுமல்ல, அந்த வகுப்பே பின்தங்கியிருப்பதும் ஒரு பெரிய காரணம். பழியை முழுவதும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலேயே பிரெட்த் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். தினமும் பார்க்காதீர்கள். ஒரு நாள் எண்ணிக்கை வெறும் சத்தம். அமெரிக்கச் செய்தி ஒன்று வந்தால் அன்று 2,000 பங்குகள் இறங்கும், மறுநாள் அவையே ஏறும். சனிக்கிழமை காலை ஒரு நோட்டை எடுத்து, நிஃப்டி 50, நிஃப்டி 50 ஈக்வல் வெயிட், மிட்கேப் 150, ஸ்மால்கேப் 250 என்ற நான்கு குறியீடுகள் வெள்ளிக்கிழமை எங்கே முடிந்தன என்று எழுதுங்கள். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஈக்வல் வெயிட் என்பது அதே 50 நிறுவனங்களுக்கும் ஒரே எடை கொடுத்துக் கணக்கிடுவது. நிஃப்டி ஏறி, ஈக்வல் வெயிட் ஏறாவிட்டால் ஐம்பதுக்குள்ளேயே தூக்குபவர்கள் சிலர்தான் என்று அர்த்தம். நிஃப்டியும் ஈக்வல் வெயிட்டும் சேர்ந்து ஏறி, ஸ்மால்கேப் 250 மட்டும் நின்றால் பெரியவை பலமாக உள்ளன, சிறியவை இன்னும் சேரவில்லை. இந்த ஒப்பீடு ஒன்றே பலருக்குப் போதும்.

அதோடு, 52 வார உச்சம் தொட்ட பங்குகள் எத்தனை, 52 வாரத் தாழ்வு தொட்டவை எத்தனை என்பதையும் குறித்து வையுங்கள். நான் மிகவும் மதிக்கும் அளவு இது. அட்வான்ஸ்-டிக்லைனில் கால் பைசா ஏறிய பங்கும் ஒன்று, 10 சதவீதம் ஏறிய பங்கும் ஒன்று. 52 வாரத் தாழ்வில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு வருடத்தில் வாங்கிய எல்லோருமே நஷ்டத்தில் இருக்கும் விலை அது. நிஃப்டி உச்சத்தில் இருக்கும் வாரங்களிலேயே தாழ்வுப் பட்டியல் வாரத்துக்கு வாரம் நீண்டால் நான் புதுப் பணம் போடுவதை மெதுவாக்கிவிடுவேன். கொஞ்சம் கணினிப் பழக்கம் உள்ளவர்கள், நிஃப்டி 500 பங்குகளில் எத்தனை சதவீதம் தம் 200 நாள் சராசரி விலைக்கு மேலே இருக்கின்றன என்றும் பார்க்கலாம். 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்றத்துக்கு நல்ல ஆதரவு. நிஃப்டி உச்சத்தில் இருக்கும்போது இது 40க்குக் கீழே போனால் எச்சரிக்கை. இந்த எண்கள் நான் வைத்துக்கொண்ட கைக்கணக்கு, சட்டம் அல்ல. மெக்லெல்லன் ஆஸிலேட்டர், டிரின் என்று இன்னும் பல உண்டு. தினமும் வாங்கி விற்பவர்களுக்கு அவை உதவும், உங்களுக்கு வேண்டாம்.

இணையத்தில் பார்க்கும்போது ஒன்றில் கவனம். மும்பைச் சந்தையின் மொத்தப் பட்டியலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் தினமும் வர்த்தகமாகின்றன. அவற்றில் பல, ஆளில்லாத் தெருவில் இருக்கும் கடை மாதிரி. யாரோ சிலர் சேர்ந்து அப்பர் சர்க்யூட்டுக்கு, அதாவது ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புக்குத் தள்ளினாலும் அது "ஏறிய பங்கு" கணக்கில்தான் சேரும். அந்தப் பட்டியலை வைத்துப் பிரெட்த் பிரமாதம் என்று சொன்னால் நம்பாதீர்கள். நிஃப்டி 500க்குள் எண்ணினால் போதும். சந்தை மதிப்பில் பத்தில் ஒன்பது பாகத்துக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும்.

அகலமான ஏற்றம் என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 கடைசியில் இருந்ததும் அகலமான ஏற்றம்தான், 2020 கொரோனா வீழ்ச்சிக்குப் பிறகு வந்ததும் அகலமான ஏற்றம்தான். 2020 மார்ச் 24இல் 7,511 வரை விழுந்த நிஃப்டி எழுந்தபோது சிறிய பங்குகள் கூடவே எழுந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்மால்கேப் 100 தன் தாழ்வில் இருந்து இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. பெரும் சரிவுக்குப் பின் எல்லாப் பங்குகளும் சேர்ந்து எழுவது ஆரம்பத்தின் அடையாளம். மூன்று நான்கு வருடம் ஏறிய பிறகு, லாபமே பார்க்காத நிறுவனங்களும் சேர்ந்து பறந்தால் அங்கே பிரெட்த் தரும் தைரியத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. விலை எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மீதி 4 லட்சத்தை ஒரே நாளில் போடாதீர்கள். குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும் லிக்விட் ஃபண்டில் வைத்து, மாதம் 20,000 ரூபாய் வீதம் 20 மாதத்தில், ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் பெரிய, நடுத்தர, சிறிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் முதலிடும் ஒரு ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டுக்கும் பாதிப் பாதியாக மாற்றுங்கள். உங்கள் நோட்டில் ஸ்மால்கேப் 250ம் 52 வார உச்சப் பட்டியலும் தேறி, தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் நிஃப்டியோடு சேர்ந்து நடந்தால் மாதத் தொகையை 30,000 ஆக்கலாம். தாழ்வுப் பட்டியல் நீண்டால் 20,000லேயே நில்லுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பிரெட்த்தை இப்படி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

நண்பர் சொன்னபடி சிறியவற்றை விற்று நிஃப்டியைத் தூக்கும் பங்குகளுக்கு மாறுவது வேண்டாம். ஏறியதைப் பார்த்து, ஏறிய விலையில் வாங்குவதாகத்தான் அது முடியும். 14 பங்குகளையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டு விற்பனை, லாபம், கடன் மூன்றையும் எழுதுங்கள். வகுப்பே பின்தங்கியிருக்கும்போது நன்றாகப் படிக்கும் பிள்ளையும் மதிப்பெண் குறைவாக வாங்கும், அதை வெளியே அனுப்ப மாட்டோம். ஆனால் குறியீடுகள் எல்லாம் ஏறிய காலத்திலும் லாபம் குறைந்து, கடன் கூடிய நிறுவனம் இருந்தால் சந்தை அகலமாவதற்காகக் காத்திருக்காமல் விற்க வேண்டியது அது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவற்றில் கிடைக்கும் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். நஷ்டத்தில் விற்பதை லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம், ஆகவே மார்ச் 31க்கு முன் கணக்குப் பார்த்துச் செய்வது நல்லது. மாப்பிள்ளை சொன்னபடி எல்லாவற்றையும் விற்றால், திரும்ப எப்போது வாங்குவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். 2020 ஏப்ரலில் அப்படிக் கையில் பணத்தோடு நின்றவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் அந்த 14 பங்குகளின் பெயர்கள் இல்லை. பெயர், வாங்கிய மாதம், விலை, எண்ணிக்கை நான்கையும் எழுதி அனுப்புங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் விற்க வேண்டாம்.